சிங்கிங் ஷோ ரெண்டாவது ரவுண்டுக்கு பாப்பாவ கூப்பிட்டிருக்காங்க, அனுப்பலாமுங்களா?

பனியன்காரன்:
வணக்கமுங்க எல்லாருக்கும். இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நானு, இன்னிக்குத்தான் எழுதறேன். ஊரு திருப்பூருங்க. எங்கூர்ல சிங்கருன்னா தையல் மிஷினு, அப்படிப்பட்ட ஊருக்குள்ள எங்கூட்ல ஒண்ணு காலைல எந்திரிச்சதுல இருந்து பாடிட்டே திரியுது. பாப்பாவுக்கு ஒம்பது வயசு, மூணு வருஷமா பாட்டு கிளாஸ் போறா. போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு சேனல்காரங்க ஆடிஷன் வெச்சாங்க, எந்த சேனலுன்னு வேண்டாமுங்க. காலைல ஆறு மணிக்கே போயி நின்னோம், டோக்கன் நம்பர் நானூத்தி சொச்சம், மத்தியானம் மூணு மணிக்கு உள்ள கூப்பிட்டாங்க, டிவில வர்ற ஜட்ஜு யாருமில்ல, காலேஜ் முடிச்ச வயசுல ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க, பல்லவி முடியறதுக்குள்ள போதும்மா தேங்க்ஸ்னுட்டாங்க. செரி அவ்ளோதான்னு பஸ் ஏறி வந்துட்டோம். இப்ப போன் வந்திருக்கு, சென்னைக்கு வாங்கன்னு.

கூடவே வாட்சப்ல ஒரு ஃபாரம். பேரு, வயசு, என்னென்ன பாட்டு தெரியும், எல்லாம் செரிங்க. எட்டாவது கேள்வி, "உங்கள் குடும்பத்தில் நடந்த கஷ்டமான அல்லது உருக்கமான சம்பவங்கள்". அதுக்கு மட்டும் அரைப்பக்கம் இடம் உட்டிருக்காங்க. பாட்டுக்கு ரெண்டே வரி.

கஷ்டம் இல்லாம இல்லைங்க. பத்து பவர் டேபிள் (கரண்ட்ல ஓடற தையல் மிஷினு) போட்டு சொந்தமா ஓட்டிட்டு இருந்தேன், 2022-ல நூல் விலை தாறுமாறா ஏறுனப்ப தாக்குப்பிடிக்க முடியாம மூடிட்டு இப்ப இன்னொருத்தர் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். பாப்பாவுக்கு அது முழுசா தெரியாது, அப்பா கம்பெனி மாத்திட்டாருன்னு நெனச்சிட்டிருக்கா. அதைய எழுதோணுமா? எழுதுனா டிவில போடுவாங்களா? ஊட்டுக்காரம்மா அனுப்பலாங்கறா, எங்கப்பா வேண்டாங்கறாரு, எனக்கு ஒண்ணும் புரியலைங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரக்காரன்77:
அண்ணே தாராளமா அனுப்புங்கண்ணே. செலக்ட் ஆகாம எத்தன பேரு அழுதுட்டு போறாய்ங்க, உங்களுக்கு தானா வருது. மொத எபிசோட் வந்ததும் லிங்க் போடுங்க, மதுர ஓட்டு பூரா பாப்பாவுக்குத்தான்.

சும்மா_பாக்கறவன்:
எல்லாமே ஸ்கிரிப்ட் ப்ரோ. யார் ஜெயிக்கணும்னு மொத நாளே முடிவாயிடும். பணம் இருக்கறவன் ஜெயிப்பான். டைம் வேஸ்ட்.

ரெண்டுபசங்கஅம்மா:
செந்தில் அண்ணாவா குமார் அண்ணாவா பேர் தெரியல, அண்ணான்னே கூப்பிடுறேன். என் பெரியவன் ஏழு வருஷம் முன்னாடி ஒரு ஷோல பாடினான் (சேனல் நானும் சொல்லல). பதினொண்ணாவது வாரம் வெளிய வந்தான். நீங்க சென்னைக்காரங்க இல்லைங்கறதால செலவப் பத்தி மட்டும் சொல்றேன். எங்களுக்கு ட்ரெயின் டிக்கெட் குடுத்தாங்க, ஒருத்தருக்கு. கூட வர்ற பெரியவங்க ஒருத்தருக்குத்தான் ரூமு. சின்னவன எங்க விடுறது? அவனையும் இழுத்துட்டு போயி சாலிகிராமத்துல எங்க சித்தி வீட்ல தங்கினோம். ட்ரெஸ் அவங்களே குடுப்பாங்கன்னாங்க, குடுத்தாங்க, ஆனா ரெட்ரோ ரவுண்டு கிராமிய ரவுண்டுன்னு வந்தப்ப அது சரியில்ல இது கலர் ஒட்டலன்னு கடைசி நேரத்துல நாங்களே பாண்டி பஜார் ஓடி வாங்கினதுதான் ஜாஸ்தி. ஷூட்டிங்னா ஒரு நாள் போயி ஒரு பாட்டு பாடிட்டு வர்றதுன்னு நினைக்காதீங்க, ரெண்டு மூணு நாள்ல நாலஞ்சு எபிசோடு சேத்து எடுப்பாங்க, காலைல மேக்கப் போட்டு உக்கார வெச்சா இவன் முறை வர்றதுக்கு ராத்திரி பத்து ஆகும், அதுவரைக்கும் மத்த பசங்க பாடுறதுக்கு கை தட்டணும், அதையும் கேமரா எடுத்துட்டே இருக்கும், கொட்டாவி விட்டா ஒரு அக்கா வந்து சிரிடா செல்லம்பாங்க. ஒரு தடவ ராத்திரி ஒரு மணிக்கு பாடினான். டிவில அது மூணு நிமிஷம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அவன் சந்தோஷமாத்தான் இருந்தான். திரும்பி வந்து ஸ்கூல்ல உக்காரத்தான் கஷ்டப்பட்டான்.

சும்மா_பாக்கறவன்:
அதான் சொன்னேனே ஸ்கிரிப்ட்னு. சிரிடா செல்லம் 😂

ரீல்_அந்துபோச்சு:
ஸ்கிரிப்ட் ஸ்கிரிப்ட்னு சொல்றவங்களுக்காக இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. நான் ஆறு வருஷம் அசிஸ்டென்ட் எடிட்டரா இந்த மாதிரி ஷோக்கள்ல இருந்தவன், இப்ப கல்யாண வீடியோ கட் பண்றேன், நிம்மதியா இருக்கேன், அங்க அழறவங்க நிஜமாவே அழறாங்க.

ஸ்கிரிப்ட்னு ஒரு பேப்பர் யார் கைலயும் இருக்காது. தேவையே இல்ல. எடுக்குறது பத்து மணி நேரம், போடுறது நாப்பது நிமிஷம், நடுவுல இருக்குற கத்திரிதான் ஸ்கிரிப்ட். ஒரு பாப்பா பாடுது, நடுவர் கண்ண தொடைக்கிறார்னு காட்டுறோம் இல்ல, அவர் கண்ண தொடச்சது அந்தப் பாட்டுக்கா இல்ல நாலு மணி நேரம் முன்னாடி ஏசி காத்துல கண்ணு எரிஞ்சப்பவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ரியாக்‌ஷன் ஷாட்னு தனியா ஒரு ஃபோல்டரே இருக்கும். ஆடியன்ஸ் எந்திரிச்சு நின்னு கை தட்டுறது, அம்மா கண்ண மூடி சாமி கும்புடுறது, சக போட்டியாளர் வாயப் பொளக்கறது, எல்லாம் காய்கறி மாதிரி அரிஞ்சு வெச்சிருப்போம், குழம்புக்கு எது வேணுமோ போட்டுக்குவோம். எலிமினேஷன்ல நீங்க பாக்குற அந்த இருபது செகண்ட் மௌனம், அங்க அது நாலு செகண்டு. மீதி பதினாறும் என் டேபிள்ல பொறந்தது.

பிக் பாஸ் பாக்கறவங்களுக்கு இது ஈசியா புரியும். 24 மணி நேரம் நடக்குறத ஒரு மணி நேரமா சுருக்குறாங்கன்னு தெரியும், ஆனா 2022-ல ஆறாவது சீசன்ல ஹாட்ஸ்டார்ல லைவ்வும் சேத்து விட்டாங்க பாருங்க, அப்பதான் வேடிக்கை ஆரம்பிச்சுது. லைவ் பாத்தவன் ஒரு ஆள நல்லவன்றான், எபிசோட் மட்டும் பாத்தவன் அதே ஆள விஷம்ங்கறான், ரெண்டு பேரும் ட்விட்டர்ல அடிச்சுக்கறாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் வேற வேற ஷோ பாத்தாங்க, அவ்வளவுதான்.

இப்ப உங்க எட்டாவது கேள்விக்கு வரேன் பாஸ். அதுல இருந்து எடுக்குற குட்டி வீடியோவுக்கு எங்க ஃபீல்டுல பேரு ஏவி. பாடுறதுக்கு முன்னாடி போடுவாங்களே, வீடு, தெரு, அப்பா வேலை பாக்கற இடம், ஸ்லோ மோஷன்ல அம்மா அடுப்பு ஊதுறது, பின்னாடி புல்லாங்குழல். (கேஸ் அடுப்பு இருக்குற வீட்ல விறகு தேடி அலைஞ்ச டீம் எனக்குத் தெரியும்.) ஏவி ஓடுற நேரம் பாட்டு நேரத்த விட ஜாஸ்தி, எண்ணிப் பாருங்க ஒரு நாள். காரணம் சிம்பிள். பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க காது வேணும், வீட்ல கஷ்டம்னா எல்லாருக்கும் புரியும். வியாழக்கிழமை ரேட்டிங் வரும், எந்த நிமிஷத்துல ஜனம் சேனல் மாத்தினாங்கன்னு மேல இருக்கறவங்க பாப்பாங்க, பாட்டு நடுவுல மாத்துவாங்க, ஏவி நடுவுல மாத்தமாட்டாங்க. அப்புறம் யாரு ஏவிய குறைப்பான்?

அதனால நீங்க அந்த அரைப்பக்கத்துல எழுதினா கண்டிப்பா வரும். பத்து டேபிள் மூடினது நல்ல ஏவி. சாரி, இப்படித்தான் எங்க புத்தி வேலை செய்யும். காலி மிஷின் வரிசையில அப்பாவ நடக்க விட்டு, பொண்ண கதவு கிட்ட நிக்க வெச்சு, "அப்பாவுக்கு என்ன சொல்லணும்னு நினைக்கிற"ன்னு ஒரு கேள்வி. அவளுக்கு தெரியாதுங்கறீங்க இல்ல, அத மேடையில தெரிய வெப்பாங்க. அதுதான் ப்ரோமோ.

மதுரக்காரன்77:
யப்பா. படிக்கவே நெஞ்சு அடைக்குது. நான் போட்ட கமெண்ட வாபஸ் வாங்கிக்கறேன்.

பனியன்காரன்:
ரீல் சார், உண்மையச் சொன்னதுக்கு நன்றிங்க. கடைசி நாலு வரி படிச்சுட்டு வெளிய போயி டீ குடிச்சுட்டு வந்தேன்.

கருப்பு_கோட்டு:
சட்டம் பத்தி யாரும் பேசலயேன்னு வந்தேன். பதினாலு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்கள வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு சொல்ற சட்டத்த 2016-ல திருத்தினப்ப சினிமா, டிவி, விளையாட்டுக்கு விலக்கு குடுத்தாங்க, பள்ளிப் படிப்பு கெடக்கூடாதுன்ற நிபந்தனையோட. 2017-ல விதிகள் வந்துச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம தொடர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது. தொடர்ச்சியா 27 நாளுக்கு மேல கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், அஞ்சு குழந்தைக்கு ஒரு பொறுப்பான ஆள் போடணும். குழந்தை சம்பாதிக்கிறதுல குறைஞ்சது 20 சதவீதம் அது பேர்ல வங்கில டெபாசிட் ஆகணும். குழந்தைக்கு இஷ்டமில்லாம எதுலயும் பங்கெடுக்க வெக்கக்கூடாதுன்னும் இருக்கு.

மேல ஒரு அம்மா காலைல மேக்கப், ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டுன்னு எழுதினாங்களே, கணக்கு போட்டுக்குங்க. "உக்காந்து கை தட்டறது வேலை இல்ல"ன்னு வாதாடுவாங்க, கேமரா ஓடுதுன்னா வேலைதான், அது என் அபிப்ராயம். போறதுன்னா ஒப்பந்தப் பேப்பர படிக்காம கையெழுத்து போடாதீங்க. ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டுடியோ வாசல்ல பேனா குடுத்து போடச் சொன்னா போடாதீங்க. காட்சிகள எத்தன வருஷம், எங்கெல்லாம் போட்டுக்கலாம்னு இருக்கும், வேற சேனல்ல பாடக்கூடாதுன்னு இருக்கும்.

ரெண்டுபசங்கஅம்மா:
எங்களுக்கு ஸ்டுடியோ வாசல்லதான் குடுத்தாங்க.

வேணி டீச்சர்:
நாகர்கோவில்ல முப்பது வருஷமா பாட்டு சொல்லிக் குடுக்கறேன். எதிர்க்கட்சி மாதிரி பேசப் போறேன்னு நெனைக்காதீங்க, இந்த ஷோக்களால எங்களுக்கு நல்லதும் நடந்திருக்கு. 2006-ல விஜய் டிவில சூப்பர் சிங்கர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் பாட்டு கிளாஸ்ங்கறது எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் வர்ற இடமாச்சு. அதுக்கு முன்ன என்கிட்ட யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியும், தெருவே எண்ணிச் சொல்லிடலாம். ஆட்டோ ஓட்டறவரு பிள்ளை, மீன் கடைக்காரம்மா பிள்ளை எல்லாம் வந்தது டிவியப் பாத்துதான். 2018-ல அதே ஷோல செந்தில்கணேஷ் நாட்டுப்புறப் பாட்டு பாடி ஜெயிச்சப்ப என் கிளாஸ்ல ஒரு பையன் கேட்டான், டீச்சர் எங்க தாத்தா பாடுறதும் பாட்டுதானான்னு. அந்த ஒரு கேள்விக்காக நான் அந்த சேனல மன்னிச்சிருக்கேன்.

ஆனா கெட்டது எங்க ஆரம்பிக்குதுன்னா, ஆரம்பப் பாடமான சரளி வரிசை ஒழுங்கா முடிக்கல, அடுத்த பாடம் ஜண்டை வரிசை வரல, அம்மா வந்து "டீச்சர் ஆடிஷனுக்கு ஒரு ஹை பிட்ச் பாட்டு ரெடி பண்ணிக் குடுங்க"ங்கறாங்க. உச்சத்துல போயி நின்னாத்தான் நடுவர் எந்திரிப்பார்னு பிள்ளைங்களுக்கு தெரிஞ்சு போச்சு. மந்திர ஸ்தாயில, அதாவது கீழ்க் குரல்ல, நிறுத்தி நிதானமா பாடுற பிள்ளைக்கு கைதட்டே கிடையாது. எட்டு வயசுத் தொண்டைய வெச்சு நாப்பது வயசுக்காரங்க பாடின பாட்ட அதே சுருதில கத்த விட்டா என்ன ஆகும்? பையங்களுக்கு இன்னும் மோசம், பதிமூணு பதினாலுல குரல் உடையும், அதுவரைக்கும் ஊரே கொண்டாடின குரல் ஒரு ஆறு மாசத்துல காணாமப் போயிரும், அத அவனுக்கு யாரும் முன்கூட்டி சொல்லியிருக்க மாட்டாங்க.

அப்புறம் ஏவின்னு ஒருத்தர் சொன்னார்ல, முன்னாடி அது கிடையாது. 1995-ல ஜீ டிவில சரிகம ஆரம்பிச்சப்ப வந்து நின்னு பாடுவாங்க, பெரிய வித்வான்கள் உக்காந்து மார்க் போடுவாங்க, முடிஞ்சுது. ஸ்ரேயா கோஷல் சின்னப் பொண்ணா அங்கதான் பாடினாங்க. சுனிதி சௌஹான் பதிமூணு வயசுல 1996-ல தூர்தர்ஷன் போட்டியில ஜெயிச்சவங்க. ஓட்டு போடறது வந்த பிறகுதான், நல்லா பாடறது மட்டும் போதாது, ஜனங்களுக்கு ஒரு காரணம் குடுக்கணும்னு ஆச்சு.

சும்மா_பாக்கறவன்:
ஓட்டா? 2016-ல என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா. சூப்பர் சிங்கர்ல ஜெயிச்சவர் ஏற்கனவே சினிமால பாடினவர்னு தெரிஞ்சு இணையமே எரிஞ்சுது. அத முன்னாடியே ஏன்டா சொல்லல?

ரீல்_அந்துபோச்சு:
அது ரூல்ல தடை இல்ல ப்ரோ, பாடினவங்க வரக்கூடாதுன்னு எங்கயும் போடல. அந்தப் பாடகர் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஜனம் கோவப்பட்டது ஏன்னா பல வாரமா "சாதாரண மனுஷன் மேடைக்கு வர்றான்"ங்கற கதைய வித்துட்டு, திடீர்னு அது கதைன்னு தெரிஞ்சதாலதான்.

யாழ்_ஸ்கார்பரோ:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறொன்ரோவில ஸ்கார்பரோ. உங்கட கதையள் எல்லாம் வாசிச்சனான், ஏவி பற்றி அந்தத் தம்பி எழுதினது முழுக்க உண்மையாத்தான் இருக்கும். ஆனா எங்கட பக்கத்தில இருந்து பாத்தா வேற மாதிரியும் விளங்கும். 2015-ல ஜெசிக்கா எண்ட கனடாப் பிள்ளை சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச்சுற்றுக்கு வந்தவ. நாட்டை விட்டுப் பிரியிற பாட்டொண்டு பாடினவ. இஞ்ச நாங்கள் குளிருக்குள்ள வீட்டுக்கு வீடு கூடியிருந்து பாத்தனாங்கள், என்ர அம்மா டிவிக்கு முன்னால எழும்பி நிண்டுட்டா, தேவாரம் படிக்கேக்க நிக்கிற மாதிரி. ரெண்டாம் இடம் வந்து கிடைச்ச ஒரு கிலோ தங்கத்தையும் தமிழ்நாட்டிலயும் ஈழத்திலயும் இருக்கிற ஆதரவற்ற பிள்ளையளுக்குக் குடுக்கிறம் எண்டு அந்தக் குடும்பம் மேடையிலயே சொன்னது. நாங்கள் பட்டதை ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்குள்ளயாவது அண்டைக்குக் கேட்டவை.

பிறகு 2023-ல ஜீ தமிழ் சரிகமபவில யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வெண்டது. அதே மேடைக்கு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில இருந்து அசானி வந்தா. இருநூறு வருசமா அந்த மலையில இருக்கிற சனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில எத்தினை பேருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளை வந்தாப் பிறகுதான் கன பேர் "லயம் எண்டா என்ன" எண்டு, அந்தத் தோட்டத்துச் சனம் இருக்கிற வரிசை வீடுகளைப் பற்றிக் கேட்டவை. அது ஏவியாலதான் நடந்தது. அதை மறைக்கேலாது.

ஆனா என்ர மனிசி ஒரு கேள்வி கேட்டவ, அதுக்கு என்னட்ட இண்டைக்கு வரைக்கும் மறுமொழி இல்லை. "ஒரு இனத்தின்ர துக்கத்தை எல்லாம் ஏன் ஒரு சின்னப்பிள்ளையின்ர தலையில ஏத்துறியள்? அது தோத்திருந்தா என்ன செய்திருப்பியள்?"

வேணி டீச்சர்:
உங்க வீட்டம்மாவுக்கு என் நமஸ்காரம்.

மதுரக்காரன்77:
சரி கொஞ்சம் லைட்டா போவோம். பாட்டு ஷோவுல வந்தா பாட்டுக்காரனாத்தான் ஆகணும்னு இல்லண்ணே. 2012-ல சூப்பர் சிங்கர் ஜூனியர்ல ஜெயிச்ச ஆஜீத் 2020-ல பிக் பாஸ் வீட்டுக்குள்ள போனாரு. சிவாங்கி பாட வந்துச்சு, குக்கு வித் கோமாளில போயி ஊரையே சிரிக்க வெச்சுச்சு. சேனல்காரய்ங்க ஒரு ஷோ மாவ அடுத்த ஷோவுக்கு தோசை ஊத்துறாய்ங்க. அப்படியும் பொழைக்கலாம்ல.

சும்மா_பாக்கறவன்:
பிக் பாஸ்னதும் ஞாபகம் வருது, ஏழாவது சீசன் ரெட் கார்டு மேட்டர்ல

மதுரக்காரன்77:
யோவ் அத இங்க ஆரம்பிக்காத. அந்த இழையே இன்னும் எரிஞ்சுட்டு இருக்கு.

கருப்பு_கோட்டு:
விஷயத்துக்கு வருவோம். 2008-ல கொல்கத்தாவுல பதினாறு வயசுப் பொண்ணு ஒரு டான்ஸ் ஷோல எல்லார் முன்னாடியும் நடுவர்கள் கடுமையா பேசினதுக்கு அப்புறம் பேச்சும் நடமாட்டமும் இல்லாமப் போயி பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனாங்க. குடும்பம் நடுவர்கள் பேசினதத்தான் காரணமா சொன்னாங்க. நாடு முழுக்க அன்னிக்கு பேசினோம், அப்புறம் மறந்துட்டோம். 2019 ஜூன்ல மத்திய அரசு சேனல்களுக்கு ஒரு அறிவுரை அனுப்புச்சு, டான்ஸ் ஷோல சின்னப் பிள்ளைங்கள பெரியவங்க மாதிரி அசைவுகளோட ஆட விடாதீங்கன்னு. அறிவுரைதான், ஆணை இல்ல.

டேஞ்சர்ஜோன்_தம்பி:
ரொம்ப நேரமா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதுறேன். நான் பத்து வயசுல ஒரு ஷோல பாடினவன். இப்ப காலேஜ் செகண்ட் இயர். யாரு எந்த சீசன்னு கண்டுபிடிக்க ட்ரை பண்ணாதீங்க ப்ளீஸ்.

மொதல்ல நல்லது. பத்து வயசுல எனக்கு லைவ் பேண்ட் கூட பாட கிடைச்சுது. தபலா ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம், மானிட்டர்ல என் குரல் எனக்கே திரும்பி வருது, அந்த ஃபீல் இப்ப வரைக்கும் உடம்புல இருக்கு. கீபோர்டு அண்ணா ரிகர்சல்ல நான் லயம் விட்டா கண்ணால சொல்லுவாரு, யாருக்கும் தெரியாது. ராத்திரி லேட்டானா பிஸ்கட் குடுப்பாரு. அவர மாதிரி ஆளுங்களும் அங்க இருக்காங்க. கூடப் பாடின பசங்களோட இன்னும் ஒரு வாட்சப் குரூப் இருக்கு.

கெட்டதுன்னா நான் எலிமினேட் ஆன நாள். பேர் சொன்னாங்க, நான் அழல. நெஜமாவே அழல, எனக்கு தூக்கம் வந்துட்டு இருந்துச்சு, ஊருக்கு போலாம், எங்க நாய்க்குட்டிய பாக்கலாம்னு ஒரு மாதிரி ஜாலியாத்தான் இருந்துச்சு. அப்ப ஒரு அக்கா வந்து மேடைக்கு கீழ உக்காந்து சொன்னாங்க, "கண்ணா இன்னொரு தடவ எடுக்கலாம், அம்மா அங்க நிக்கறாங்கல்ல, ஓடிப் போயி கட்டிப் புடிச்சுக்கோ". ஓடினேன். எங்கம்மா ஏற்கனவே அழுதுட்டு இருந்தாங்க, அவங்களப் பாத்ததும் எனக்கும் வந்துருச்சு. அது நடிப்பு இல்ல. ஆனா ஓடச் சொன்னது அவங்க. அத யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப குழப்பமா இருக்கு, அன்னிக்கு நான் அழுதது நிஜமா பொய்யா?

அந்த கிளிப் யூட்யூப்ல இருக்கு. பல லட்சம் வ்யூஸ். நான் பாடின எந்தப் பாட்டுக்கும் அவ்வளவு இல்ல. ஒம்பதாவது படிக்கும்போது கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டுல ஒருத்தன் போட்டான். காலேஜ் வந்தும் ஹாஸ்டல்ல முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டாங்க. எங்கப்பா கடன் வாங்கி என்னை அனுப்பினார்னு ஏவில சொன்னோம், அந்தக் கடன் அடைச்சு எத்தனையோ வருஷமாச்சு, சொந்தக்காரங்க கல்யாணத்துல இன்னும் கேக்கறாங்க, "இப்ப பரவால்லயாப்பா உங்க நெலம"ன்னு. எங்கப்பா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாரு. அத பாக்கத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அங்கிள், போகாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த மேடை எனக்கு புடிச்சிருந்துச்சு. எட்டாவது கேள்விய மட்டும் காலியா விடுங்க.

ரெண்டுபசங்கஅம்மா:
தம்பி, என் பையனும் இதே மாதிரி எதாச்சும் மனசுல வெச்சுட்டு இருக்கானான்னு இப்பத்தான் தோணுது. இன்னிக்கு சாயந்தரம் கேக்கப் போறேன்.

ரீல்_அந்துபோச்சு:
தம்பி, உன் கிளிப்ப நான் கட் பண்ணினேனான்னு தெரியாது. பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோ. அந்த மாதிரி நிறைய பண்ணியிருக்கேன்.

பனியன்காரன்:
மூணு வாரம் கழிச்சு எழுதறேனுங்க, மன்னிக்கோணும். சென்னைக்கு போயிட்டு வந்தோம். இங்க படிச்சது எல்லாத்தையும் ஊட்ல உக்காந்து பேசுனோம், எங்கப்பா உட்பட. பாப்பாவையும் கேட்டோம், போலாம்ப்பான்னா. செரின்னு கிளம்பிட்டோம். எட்டாவது கேள்விக்கு "ஒன்றும் இல்லை"ன்னு எழுதினேன். அதுக்கு முந்தின நாள் ராத்திரி டேபிள் மூடினத பாப்பாகிட்ட நானே சொல்லிட்டேனுங்க, யாரோ மைக் புடிச்சு சொல்றதுக்கு முன்னாடி நம்ம வாயால தெரியட்டும்னு. அவ கேட்டது ஒரே கேள்வி, "அப்ப ஓவர்லாக் மிஷின்ல தைக்கற அக்கா எல்லாம் எங்க போனாங்க?" எனக்கு பதில் சொல்ல வரலைங்க.

ரவுண்டுல நல்லாத்தான் பாடினா. வேணி டீச்சர் சொன்னாங்களேன்னு உச்சத்துக்கு போற பாட்ட விட்டுட்டு அவளுக்கு புடிச்ச நிதானமான பாட்டையே பாடச் சொன்னேன். உள்ள இருந்தவங்க நல்லாருக்கும்மான்னாங்க. வெளிய ஒரு புள்ள லேப்டாப் வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு, ஃபாரத்த திருப்பிப் பாத்துட்டு "சார் எட்டாவதுல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே, சின்னதா எதாச்சும்? உடம்பு சரியில்லாம, கடன், பாட்டி தாத்தா, எதாச்சும்?"ன்னு கேட்டுச்சு. அந்தப் புள்ள மேல கோவம் வரலைங்க, அதுக்கு அது வேலை, என் மிஷின்ல அளவு எடுக்கற மாதிரி. இல்லம்மா நாங்க நல்லா இருக்கோம்னேன். ஒரு நிமிஷம் என்னையப் பாத்துச்சு, செரிங்க சார்னு டைப் பண்ணிக்கிச்சு. ரெண்டு வாரத்துல சொல்றோம்னாங்க. மூணு வாரம் ஆச்சு, போன் வரல. அந்தக் கேள்வியாலதான்னு சொல்ல முடியாதுங்க, அங்க வந்திருந்த புள்ளைங்க பாடினத கேட்டேன், நெறைய பேரு நம்ம பாப்பாவ விட நல்லாவே பாடுனாங்க.

அங்க தூத்துக்குடி பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்திருந்தான், பாப்பா வயசுதான். காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ரெண்டும் சேந்து விளையாண்டுட்டு இருந்துச்சுங்க. அவங்கம்மா அந்த அரைப்பக்கம் பத்தாம பின்னாடியும் எழுதிட்டு இருந்தாங்க. அவங்கள கொறை சொல்ல மாட்டேனுங்க, எழுத அவங்களுக்கு அவ்ளோ இருந்துச்சு. அந்தப் பையன் செலக்ட் ஆயிட்டானாம், நேத்து அவங்கம்மா போன் பண்ணுனாங்க. பாப்பா அதுல இருந்து ஒரே குதி. தெருவுல எல்லார் ஊட்டுக்கும் போயி சொல்லிட்டா.

அவன் பாடற எபிசோடு எப்ப வருதுன்னு தெரிஞ்சா சொல்றேனுங்க, எல்லாரும் ஓட்டு போடோணும்னு பாப்பா சொல்லச் சொன்னா.

மதுரக்காரன்77:
போட்டுருவோம்ணே. ஆப்லயா மிஸ்டு காலா?

பனியன்காரன்:
ஆப்புதானாமுங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டுச் சொல்றேன்.